தொழிற்கல்வியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களில், அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் ஒரு பிரிப்பு நடக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி பெற்றோரும் பிள்ளையும் நிற்கிறார்கள். சில நிமிடங்களில் முடிவு சொல்லப்படுகிறது. மதிப்பெண் அதிகம் பெற்றவருக்கு 'முதல் குரூப்'. அடுத்து உயிரியல், அதற்கடுத்து வணிகவியல், கலைப்பிரிவு. எஞ்சியவர்களுக்குத் தொழிற்கல்விப் பிரிவு. 'எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடுங்கள் ஐயா' என்று சொல்லிவிட்டு, அன்றைய கூலி போய்விடக் கூடாதே என்று வேலைக்குத் திரும்பும் பெற்றோர் பலர். அந்தச் சில நிமிடங்களில் ஒரு பிள்ளையின் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன.

இப்பிரிப்பில் எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எந்தப் பிரிவுக்குச் செல்கிறார்கள் என்பதை அரசு பார்க்கிறதா? பார்த்தால், அதன்பேரில் ஏதேனும் செய்கிறதா? பள்ளித் தொழிற்கல்வி பற்றிய விவாதம் பெரும்பாலும் வேலைவாய்ப்பு, திறன் மேம்பாடு, தொழில்துறையின் தேவை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. சாதியால் தொழில் விதிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், பள்ளிக்குள் தொழில் கற்பிக்கும் அரசுக்குக் கூடுதலான ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு என்ன, அது எவ்வாறு கைவிடப்பட்டிருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1953 கற்றுத்தந்த பாடம்

தமிழ்நாட்டில் 'தொழிற்கல்வி' என்ற சொல் வெறும் கல்வித்துறைச் சொல் அன்று. 1953ஆம் ஆண்டில், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஒரு வேளையாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார்; அடுத்து முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இந்த வரலாற்றை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஆனால் சேரியிலிருந்து பார்த்தால் அதன் பொருள் இன்னும் கூர்மையானது. தச்சரின் மகனுக்கு உளியும் குயவரின் மகனுக்குச் சக்கரமும் கிடைக்கும் என்று அத்திட்டத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். பண்ணையில் கூலி வேலை செய்தவரின் மகனுக்கு என்ன கிடைத்திருக்கும்? பறையடிக்கவும் பிணம் எரிக்கவும் செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் கட்டாயப்படுத்தப்பட்டவரின் மகளுக்கு எந்தக் கைத்திறன் கற்பிக்கப்பட்டிருக்கும்? தீண்டாமையால் சுமத்தப்பட்ட வேலையைத் 'தொழில்' என்று அழைத்து, அதைப் பிள்ளைக்கும் கடத்துவதே அதன் விளைவாக இருந்திருக்கும். அரசு தொழிலைக் கற்பிக்கும்போது, எந்தத் தொழிலை, யாருக்கு என்ற கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியதன் காரணம் இதுதான்.

அம்பேத்கர் கேட்டது வேறு

தொழிற்கல்வியை எதிர்ப்பதே பட்டியலின மக்களின் நிலைப்பாடு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. 1942ஆம் ஆண்டு அக்டோபரில், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியலின மக்களின் குறைகளைத் தொகுத்து ஒரு கோரிக்கை மனுவை வைசிராயிடம் அளித்தார். அதில் உயர் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கான உதவித்தொகையைக் கேட்டார். அத்துடன், அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் பட்டியலின இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அவர் தேர்ந்தெடுத்த இடங்கள் கவனத்துக்குரியவை. அச்சகமும் இரயில்வே பணிமனையும் அக்காலத்தின் நவீனத் தொழிற்கூடங்கள். அங்கே கிடைக்கும் திறன் எந்தச் சாதியின் பரம்பரைச் சொத்தும் அன்று. நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் மரியாதையும் அதனோடு சேர்ந்து வருபவை. பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியேறும் வாசலாகத் தொழில்நுட்பப் பயிற்சியை அவர் கண்டார். 1953இன் திட்டமோ அதே பயிற்சியைப் பரம்பரைத் தொழிலுக்குள் திருப்பி அனுப்பும் வாசலாக்க முயன்றது. ஒரே சொல் இரு எதிரெதிர் திசைகளில் பயன்பட முடியும். எத்திசையில் பயன்படுகிறது என்பதைக் கண்காணிப்பதே அரசின் கடமை. பட்டியலினத்தார், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்பு அரசுக்கு நெறி வகுத்துள்ளது.

மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பட்டது. வேளாண் அறிவியல், இயந்திரவியல், மின் பொறியியல், நெசவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை எனப் பல பிரிவுகள் இன்றும் உள்ளன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. 1992இல் கொள்கை திருத்தப்பட்டபோது அதே இலக்குகள் முறையே 1995, 2000 எனத் தள்ளிவைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ 2025க்குள் குறைந்தது பாதி மாணவர்களுக்குத் தொழிற்கல்வி அறிமுகம் என்று அறிவித்தது.

இந்த இலக்குகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எத்தனை பேர் என்று சொல்கின்றனவே தவிர, யார் யார் என்று சொல்வதில்லை. உயர்சாதி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் அறிவியல் பிரிவிலேயே தொடர, அரசுப் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளைக் கொண்டே இலக்கு நிறைவேறினாலும் கணக்கில் அது வெற்றியாகவே பதிவாகும்.

பிரிவுத் தேர்வின் விளைவுகள் கடுமையானவை. தொழிற்பிரிவு மாணவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை உண்டு. பொறியியல் கல்லூரிகளில் சிறிய அளவில் தனி ஒதுக்கீடும் உண்டு. இவை உண்மையான வாய்ப்புகள். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காத மாணவிக்கு மருத்துவக் கல்லூரியின் வாசல் பதினைந்து வயதிலேயே மூடிவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காடு மருத்துவ ஒதுக்கீட்டை அவர் பயன்படுத்தவே முடியாது. ஒதுக்கீட்டை வென்றெடுக்கப் போராடுகிறோம். அந்த ஒதுக்கீட்டைத் தொடும் பாடப்பிரிவுக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று கேட்கத் தவறிவிடுகிறோம்.

'மாணவர்களே விரும்பித்தானே சேர்கிறார்கள்' என்று சொல்லப்படலாம். பாலிடெக்னிக் சேர்க்கை பற்றியோ, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு இட்டுச்செல்லும் என்பது பற்றியோ யாரும் எடுத்துச்சொல்லாத இடத்தில் செய்யப்படும் தேர்வை விருப்பம் என்று அழைக்க முடியாது. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு ஆசிரியரின் ஒரு சொல்லே வழிகாட்டுதல். அச்சொல்லில் சாதி சார்ந்த முன்முடிவு கலந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க இன்று எந்த ஏற்பாடும் இல்லை.

பொறுப்பு யாருடையது?

நடுவண் அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் நடைபெறும் தொழிற்கல்வியின் கட்டமைப்பைப் பார்த்தால், மேற்பார்வை எவ்வாறு சிதறிக்கிடக்கிறது என்பது புரியும். 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, படிப்புகளின் நிலைகளை வரையறுக்கிறது. சில்லறை விற்பனை உதவியாளர், அழகுக்கலை உதவியாளர் போன்ற பணிப்பாத்திரங்களுக்கேற்பப் பாடங்கள் அமைகின்றன. பல மாநிலங்களில் பயிற்றுநர்கள் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுகிறார்கள். மாணவரின் திறனை மதிப்பிடுவதில் தொழில்துறை சார்ந்த திறன் மன்றங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றை ஒழுங்குபடுத்தும் தேசிய மன்றம் 2018இல் அறிவிக்கப்பட்டது.

பள்ளி மாநில அரசுடையது, பாடம் நடுவண் கட்டமைப்புடையது, பயிற்றுநர் தனியாருடையவர், சான்றிதழ் இன்னொரு அமைப்புடையது. பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இடத்தில் ஒரு தலித் மாணவர் இழிவுபடுத்தப்பட்டால் பொறுப்பேற்பவர் யார்? பயிற்றுநர் மாதக்கணக்கில் வராவிட்டால் பெற்றோர் யாரிடம் முறையிடுவது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இக்கட்டமைப்பு இடம் தருகிறது.

மாநிலத்தின் சொந்த ஏற்பாடுகளும் திருப்தி தருவனவாக இல்லை. மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் பணியிடம் நிரப்பப்படாமல், அத்துடன் பாடப்பிரிவே மறைந்துபோவதாக ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றன. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் தையல், ஓவியம், கணினி, உடற்கல்வி போன்றவற்றுக்கென 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் தரப்பட்ட மாத ஊதியம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நிற்பது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. கைத்தொழிலைக் கற்பிப்பவரின் உழைப்பையே இவ்வளவு மலிவாக மதிக்கும் அரசு, அத்தொழிலைக் கற்கும் பிள்ளைக்கு மதிப்பு கிடைக்கும் என்று எவ்வாறு உறுதி கூற முடியும்?

புத்தகப்பை இல்லாத நாள்கள்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஏதேனும் ஒரு காலத்தில் 10 நாள்கள் புத்தகப்பை இல்லாமல், உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் மாணவர்கள் பயிற்சி பெறலாம் என்கிறது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கைத்தொழில்களையும் தொட்டுப் பார்ப்பது நல்லதே. சாதிகள் எல்லை பிரித்து வாழும் ஊரில் அந்த 10 நாள்கள் எப்படி நடக்கும் என்பதைக் கொள்கை கேட்கவில்லை. ஊர்த்தெருவின் பட்டறைக்குள் சேரிப்பிள்ளை நுழைய முடியுமா? சேரியில் தோல் வேலை செய்யும் பெரியவரிடம் கற்க ஊர்ப்பிள்ளைகளை அவர்களது பெற்றோர் அனுப்புவார்களா? பள்ளிக் கழிவறைகளைச் சுத்தம் செய்யத் தலித் பிள்ளைகளையே ஏவிய நிகழ்வுகள் இம்மாநிலத்தில் வழக்குகளாகப் பதிவாகியுள்ளன. கண்காணிப்பு இல்லாத இடத்தில் 'வேலை அனுபவம்' என்ற பெயருக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளும்.

இந்த அச்சம் கற்பனையன்று என்பதை வேறொரு திட்டத்தின் கதை காட்டுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம், குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில்கள் 18இல் ஈடுபடுவோருக்கானது. வயது வரம்பு 18இல் தொடங்குகிறது. கல்லூரிக்குச் செல்ல வேண்டிய வயதில் குடும்பத் தொழிலுக்கு இழுக்கும் இந்த நிபந்தனைகளை எதிர்த்த தமிழ்நாடு அரசு, குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 35ஆக உயர்த்தவும் கோரியது. அது ஏற்கப்படாத நிலையில், 2024 நவம்பரில் அத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என அறிவித்து, 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. கொள்கையளவில் இது சரியான நிலைப்பாடு. இதே அளவுகோலை மாநில அரசு தன் சொந்தப் பள்ளிகளின் தொழிற்பிரிவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே நமது எதிர்பார்ப்பு.

அமெரிக்காவில் நடந்தது

கல்வியில் சாதியை அளந்து கண்காணிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பவர்களுக்கு, நிறவெறியால் பிளவுண்ட ஒரு நாட்டின் அனுபவம் பதிலாக அமையும். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் நீண்டகாலமாகத் தாழ்ந்த ஊதியத் தொழில்களுக்கான பயிற்சிக்கே தள்ளப்பட்டனர். கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிற்கல்வி முதன்மையா, உயர்கல்வி முதன்மையா என்று புக்கர் டி. வாஷிங்டனும் டபிள்யூ. ஈ. பி. டுபாய்சும் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. அந்த டுபாய்சுடன்தான் 1946இல் அம்பேத்கர் கடிதத் தொடர்பு கொண்டார்.

1970களில் குடியுரிமை அமைப்புகள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின் விளைவாக, 1979இல் நடுவண் சுகாதார, கல்வி, நலத்துறை தொழிற்கல்வியில் பாகுபாட்டை ஒழிப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நிதி பெறும் ஒவ்வொரு மாநிலமும் பள்ளிகளின் சேர்க்கை விவரங்களை இனம், பாலினம், உடற்குறைபாடு வாரியாகத் திரட்டி ஆராய வேண்டும். நேரில் ஆய்வு செய்ய வேண்டும். நடுவண் உரிமை அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டும். இனத்தையோ பாலினத்தையோ வைத்து ஒரு மாணவரைக் குறிப்பிட்ட தொழிலை நோக்கித் திருப்பும் வழிகாட்டுதல் தடை செய்யப்பட்டது. பாகுபாடு காட்டும் முதலாளியிடம் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது என்பதும் விதியாயிற்று. 2018இல் திருத்தப்பட்ட பெர்கின்ஸ் சட்டமும், மாணவர் பிரிவுவாரியான இடைவெளிகளை மாநிலங்கள் அறிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது.

இதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் அந்நாட்டுக் கல்வித் துறையின் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குறைக்கப்பட்டபோது, உரிமை அலுவலகத்தின் 12 வட்டார அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. ஆட்சியாளர் நினைத்தால் கண்காணிப்பைக் கலைக்க முடியும் என்பதும் நமக்குப் பாடமே. எனினும் எதை அளக்க வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியலை அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பட்டியலே இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

தரவு இல்லாததல்ல சிக்கல். ஒவ்வொரு பள்ளியும் அரசின் தகவல் தளத்தில் மாணவரின் சமூகப் பிரிவையும் மேல்நிலை வகுப்பின் பாடப்பிரிவையும் பதிவு செய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து, பள்ளிவாரியாக, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. ஒரு பள்ளியின் மாணவர்களில் பட்டியலினத்தாரின் பங்குக்கும் அதன் அறிவியல் பிரிவில் அவர்களது பங்குக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தால், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் விளக்கம் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, பிரிவு ஒதுக்கீட்டுக்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பிரிவும் இட்டுச்செல்லும் உயர்கல்வி, வேலை வாய்ப்புகளை எழுத்தில் தர வேண்டும். விரும்பிய பிரிவு மறுக்கப்பட்டால் காரணமும் எழுத்தில் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும்.

மூன்றாவதாக, பயிற்சிக்கு மாணவரை ஏற்கும் ஒவ்வொரு நிறுவனமும் சாதி, பாலினப் பாகுபாடு காட்டமாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியை அளிக்க வேண்டும். புகாரைப் பெற்று நடவடிக்கை எடுக்கும் அலுவலர் யார் என்பதைப் பள்ளியின் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும்.

நான்காவதாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் நிலை. இப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்போவதாக 2023ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது, தலித் அமைப்புகளிடையே மாறுபட்ட கருத்துகள் எழுந்தன. எந்தத் துறையின்கீழ் இருந்தாலும் இப்பள்ளிகளுக்கு நவீனத் தொழிற்கூடங்கள் வேண்டும். மின்னணுவியல், மின் வாகனப் பராமரிப்பு, மருத்துவக் கருவித் தொழில்நுட்பம் போன்ற, எந்தச் சாதியின் முத்திரையும் விழாத துறைகள் இங்கே முதலில் வர வேண்டும். 2024இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகைக்கேற்ப நிதி ஒதுக்க வழிசெய்கிறது. அந்நிதி பொதுத் திட்டங்களில் பெயரளவுக்குக் கணக்குக் காட்டப்படாமல் இத்தகைய கூடங்களாகப் பிள்ளைகளின் கைகளைச் சென்றடைய வேண்டும்.

இவற்றை அரசு தானாகச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கடந்த ஐந்தாண்டுகளில் பாடப்பிரிவுவாரியாக எத்தனை பட்டியலின மாணவர்கள் சேர்க்கப்பட்டனர், தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை காலியாக உள்ளன, செய்முறைப் பயிற்சிக்கு எவ்வளவு செலவிடப்பட்டது ஆகிய மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் நம் பெற்றோர் அதன் கூட்டத்திலேயே இதனை எழுப்பலாம். அடுத்த பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது, இயக்கத் தோழர் ஒருவர் பள்ளி வாசலில் நின்று, எந்தப் பிரிவு எங்கே கொண்டுசெல்லும் என்று பெற்றோருக்கு எடுத்துச்சொன்னாலே அன்று சில பிள்ளைகளின் திசை மாறும்.

வெல்டிங் பொறியை விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலித் பிள்ளைக்குச் சிறந்த ஆசிரியரும் சிறந்த கருவியும் நிரந்தர வேலையும் வேண்டும். மருத்துவராக விரும்பும் பிள்ளைக்கு உயிரியல் வகுப்பில் இடம் வேண்டும். இவ்விரு பிள்ளைகளில் யார் எங்கே அமர்கிறார் என்பதை அவர்களது சாதிச் சான்றிதழ் முடிவு செய்யவில்லை என்று ஆண்டுதோறும் கணக்கோடு நிரூபிக்கும் கடமை அரசினுடையது. அந்தக் கணக்கை இதுவரை அது மக்கள் முன் வைக்கவில்லை.